சிவப்புக் கொய்யாவும் வெள்ளைக் கொய்யாவும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டா மெஷினைப் பத்தித்தான் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. நான் பேச வந்தது கொய்யாப்பழம்.

சங்கரன்கோவில் பக்கம் தள்ளுவண்டியில் கேட்டுப் பாருங்கள். சிவப்புக் கொய்யாவுக்குத் தனி மவுசு. ஏன் என்றால், "சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்பார்கள். பால்வண்ணநாதர் குடியிருக்கும் கரிவலம்வந்தநல்லூரில் வெள்ளைக்கு இப்படி மதிப்புக் குறையலாமா? வேதியியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கொய்யாவின் சிவப்புக்குக் காரணம் லைகோபீன் என்ற நிறமி. தக்காளியைச் சிவக்க வைப்பதும் இதுவே. 100 கிராம் சிவப்புக் கொய்யாவில் சுமார் 5 மில்லிகிராம் லைகோபீன் இருக்கிறது. பச்சைத் தக்காளியில் அல்ல, நன்கு பழுத்த தக்காளியில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லக்னோ-49 போன்ற வெள்ளை ரகங்களில் இது இல்லை என்றே சொல்லலாம்.

லைகோபீன் மூலக்கூறில் 40 கார்பன், 56 ஹைட்ரஜன். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினிலும் அதே 40, அதே 56! பீட்டா கரோட்டினின் இரு முனைகளும் வளையமாக மூடியிருக்கும். லைகோபீனின் முனைகள் திறந்திருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தால் கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். லைகோபீனை மாற்ற முடியாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் மட்டும் அதற்கு நன்றாகவே உண்டு.

சரி, ரத்தம்? ரத்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. அதற்கு இரும்பு வேண்டும். லைகோபீனில் இரும்பு அணு ஒன்றுகூடக் கிடையாது. 100 கிராம் கொய்யாவில், நிறம் எதுவானாலும், இரும்பு சுமார் கால் மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெண்களுக்குச் சொன்ன அளவோ நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் விளையாட்டில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. "சிவப்புப் பழம் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று வீட்டில் திருப்திப்பட்டு, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை மகள் ஒதுக்கினால், நஷ்டம் அவளுக்குத்தான். அந்த மாத்திரையின் நிறம் என்ன தெரியுமா? நீலம்!

அப்படியானால் கொய்யாவால் ரத்தத்துக்குப் பயனே இல்லையா? உண்டு. 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பது சுமார் 50. ரகம், மண், பழுத்த பதம் பொறுத்துக் கூடும், குறையும். இதில் வெள்ளை சிவப்புக்குச் சளைத்ததல்ல. முருங்கைக்கீரை, கம்பு, பயறு இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. வைட்டமின் சி அதைக் குடல் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். ஆகவே கீரைச் சாப்பாட்டோடு ஒரு கொய்யா, எந்த நிறமானாலும் சரி. சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம். அது இரும்பை மறிக்கும். நறுக்கி வெகுநேரம் வைத்த பழமும் வேண்டாம்; வைட்டமின் சி குறைந்துபோகும்.

எங்கள் தொழிலில் வயரின் நிறம் அது எந்த லைன் என்று சொல்லும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லாது. அதற்கு மீட்டர் வேண்டும். பழத்தின் நிறமும் அப்படித்தான். எந்த நிறமி என்பதைச் சொல்லும், மற்ற சத்தைச் சொல்லாது. ரத்தத்துக்கு மீட்டர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் ஹீமோகுளோபின் பரிசோதனை.

மாணவிகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.