பேழை இருக்கிறது, படிக்கும் இயந்திரம் எங்கே?



ஈப்போவில் வாங்கிய பாட்டு ஒலிநாடாவைத் தஞ்சோங் ரம்புத்தானில் எந்த வீட்டு வானொலிப் பெட்டியில் போட்டாலும் பாடிய காலம் ஒன்று உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய அளவையே எல்லாத் தயாரிப்பாளர்களும் பின்பற்றியதுதான் காரணம். செந்தரம் என்பது இதுதான். யார் செய்தாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கணினியின் காப்புப்படி நாடாவுக்கு அந்தக் கொடுப்பினை முழுமையாக வாய்க்கவில்லை. 3எம் நிறுவனம் 1972-இல் கால் அங்குல நாடாப் பேழையைக் கொண்டுவந்தது. பின்னர், தனிநபர் கணினிகளுக்காகக் கியூ.ஐ.சி.-40, கியூ.ஐ.சி.-80 என்ற செந்தரங்களில் சிறு பேழைகள் வந்தன. அவற்றில் முறையே 40, 80 மெகாபைட் தகவல் அடங்கும். நெகிழ்வட்டுக்கான இணைப்பிலேயே இயங்கியதால் செலவும் குறைந்தது. ஆனால், 80 இயந்திரம் 40 பேழையைப் படிக்கும். 40 இயந்திரத்தால் 80 பேழையைப் படிக்க இயலாது. 1990-களின் நடுவில் திராவன் என்ற புதிய வகையும் வந்தது. பேழை பொருந்தினாலும், படியெடுத்த மென்பொருள் வேறாக இருந்தால் கோப்பு திறக்காமல் போவதும் உண்டு.

முதுமையும் சேர்ந்துகொள்கிறது. பேழைக்குள் நாடாவை நகர்த்தும் மீள்வார் நாளடைவில் தளர்ந்து அறுகிறது. இயந்திரத்தின் ரப்பர் உருளை பிசுபிசுத்து இளகுகிறது. பால்மரம் சீவி வாழ்ந்த மக்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தமிழுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. மலேசியாவில் உருவான முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழைக் கணினியில் ஏற்றின. ஆயினும், ஒருங்குறி பரவும்வரை ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு புழங்கியது. 1999-இல் சென்னை மாநாடு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. அதற்கு முந்திய கோப்பு கிடைத்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையில் வெறும் கிறுக்கல்தான்.

நாடா செத்துவிட்டதா? இல்லை. 2011-இல் அழிந்துபோன சில ஜிமெயில் கணக்குகளைக் கூகுள் நாடாவிலிருந்துதான் மீட்டது. 2021-இல் வந்த எல்.டி.ஓ.-9 பேழையில் 18 டெராபைட் அடங்கும். ஆனால், அதன் இயந்திரம் எல்.டி.ஓ.-8 வரைதான் படிக்கும். ஏழாம் தலைமுறைப் பேழையைப் படிக்காது.

பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் மறைந்துவிட்டன. கோயில் கணக்கு, தமிழ்ப்பள்ளி மாணவர் பதிவு, மன்ற உறுப்பினர் பட்டியல் ஆகியவையே அங்கே ஒரு சமூகம் வாழ்ந்ததற்குச் சான்று. அவை ஏதோ ஓர் அலமாரியில் பழைய பேழையாகக் கிடந்தால், இயங்கும் இயந்திரம் கிடைக்கும்போதே படித்துவிடுங்கள். எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள்.

பெட்டியில் பூட்டி வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பேரப்பிள்ளைகள் திறந்து படிக்க முடிந்தால்தான் அது பாதுகாப்பு.