சந்தைவெளியில் நிற்பவர்கள்



திராட்சைத் தோட்ட உரிமையாளர் மாலை ஐந்து மணிக்கும் வெளியே சென்றார். தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று சந்தைவெளியில் நின்றவர்கள் சொன்னார்கள் (மத்தேயு 20).

2020 ஜூலையில், கொரோனாவால் நலிந்த பொருளாதாரத்தை மீட்க ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் 75,000 கோடி யூரோ நிதிக்கு ஒப்புதல் தந்தார்கள். ஒவ்வொரு நாடும் தன் மீட்புத் திட்டத்தில் குறைந்தது 37 விழுக்காட்டைக் காலநிலைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. படைப்பைக் காக்கும் இம்முயற்சியை நாம் மகிழ்வோடு வரவேற்கிறோம். ஆனால் நிலக்கரிச் சுரங்கம் மூடப்படும்போது அதன் தொழிலாளர் எங்கே போவார்?

ஸ்பெயின் நாடு இதற்கு முன்னரே ஒரு வழி காட்டியது. 2018 இறுதியில் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்படுவதற்கு முன்பே, அரசு தொழிற்சங்கங்களோடு பேசி உடன்பாடு கண்டது. மூத்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு, மற்றவர்களுக்குப் புதிய தொழிற்பயிற்சி, சுரங்கப் பகுதிகளுக்கென 25 கோடி யூரோ என்று முடிவாயிற்று.

பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்குமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் நம்மை அழைத்தார். காற்றாலையும் சூரியத் தகடும் எழும் இடத்தில், பழைய வேலையை இழந்தவருக்கும் இடம் உண்டா என்று கேட்பது நம் கடமை. வேலையின்றி நிற்பவரைத் தேடிச் செல்லும் மனத்தை ஆள்வோருக்கும் நமக்கும் தருமாறு ஆண்டவரிடம் மன்றாடுவோம். ஆமென்.