அணைக்குக் கீழே உள்ள ஆறு

(திக்லிபூரில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரை)

அணைகளும் சுற்றுச்சூழலும் என்னும் பொருள் குறித்துப் பேச இத்தீவுகளில் திக்லிபூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சேடில் சிகரத்தின் சரிவுகளில் பிறந்து, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கு நோக்கி ஓடி, ஏரியல் விரிகுடாவில் கடலோடு கலக்கும் கல்போங் ஆறு உங்கள் ஆறு. அதன்மீது தேசிய நீர்மின் கழகம் கட்டிய நிலையம் 2001இல் இயங்கத் தொடங்கியது. 1.75 மெகாவாட் திறன் கொண்ட எந்திரங்கள் மூன்று, மொத்தம் 5.25 மெகாவாட். மேட்டூரையும் பக்ராவையும் கண்டவர்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். கப்பலில் வந்திறங்கும் டீசலை நம்பி விளக்கேற்றும் தீவுகளில் அதன் அருமை என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, அணை என்றாலே எதிர்ப்பது நமது நிலைப்பாடு அன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். 1934இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணை இல்லாமல் தஞ்சைத் தரணியின் இன்றைய வேளாண்மையை எண்ணிப்பார்க்க இயலாது. நமது கேள்வி வேறு. அணையின் வரவு செலவுக் கணக்கை எந்த இடத்தில் முடிக்கிறார்கள்? பெரும்பாலும் அணைச் சுவரோடு முடித்துவிடுகிறார்கள். நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலம், கிடைக்கும் மின்சாரம், பாயும் வாய்க்கால் ஆகியவை ஏட்டில் ஏறுகின்றன. சுவருக்குக் கீழே கடல்வரை ஓடவேண்டிய ஆறு ஏட்டில் இல்லை.

திட்ட அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது அந்தப் பகுதியைக் ‘கீழ்நீரோட்டப் பகுதி’ என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆயினும் அது உயிரற்ற சொல். நம் உழவர்களிடம் ‘கடைமடை’ என்றொரு சொல் உண்டு. அதில் இடம் மட்டுமன்று, உரிமையும் இருக்கிறது. கடைமடைக்கு நீர் போய்ச் சேராதவரை பாசனம் முடிந்ததாக எந்த ஊரும் ஒப்புக்கொள்ளாது. அவ்வாறு பார்த்தால் ஓர் ஆற்றின் கடைமடை அதன் கழிமுகம்.

ஆறு நீரை மட்டும் சுமந்து வருவதில்லை. மலை அரிந்து தரும் மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. நீர்த்தேக்கத்தில் ஓட்டம் நின்றதும் அவை படிந்துவிடுகின்றன. வெளியேறும் தெளிந்த நீர், தான் இழந்த சுமையை ஈடுசெய்வதுபோல், கீழேயுள்ள ஆற்றுப்படுகையை அரிக்கிறது. படுகை தாழ, அதனோடு கரையோர நிலத்தடி நீரும் தாழ்கிறது. வண்டல் வராத கழிமுக நிலம் தன் எடையாலேயே அமுங்கிக்கொண்டிருக்க, கடல் உள்ளே நுழைகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அளவை நம்பி வாழும் அலையாத்திக் காடுகள் தடுமாறுகின்றன. வெப்பமண்டல நீர்த்தேக்கங்களில் மூழ்கி அழுகும் தாவரங்கள் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன என்பதையும் ‘பசுமை மின்சாரம்’ என்று விளம்பரம் செய்வோர் சொல்வதில்லை.

இங்குள்ள வங்காளித் தோழர்களின் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பத்மா நதிக்கரையை விட்டு அகதிகளாக வந்து இங்கே குடியமர்ந்தவர்கள் இன்றும் இலிஷ் மீனின் பெயரைக் கேட்டால் பெருமூச்சு விடுகிறார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிரேறிச் செல்லும் மீன் அது. ஒரு காலத்தில் கங்கையில் அலகாபாத்துக்கு அப்பாலும் கிடைத்தது. 1975இல் ஃபரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் மேற்பகுதியில் இலிஷ் மீன்பிடிப்பு ஏறக்குறைய அற்றுப்போனது. பீகாரின் ஆற்று மீனவர்கள் பிழைப்பை இழந்தனர். அந்த அணையோ மின்சாரத்துக்காகவோ பாசனத்துக்காகவோ எழுப்பப்பட்டதன்று. கங்கையின் நீரை ஹூக்ளியில் திருப்பி, கல்கத்தா துறைமுகத்தில் சேரும் வண்டலை அடித்துச் செல்வதே நோக்கம். அந்த நோக்கமும் முழுமையாக நிறைவேறவில்லை. துறைமுகத்தில் தூர்வாரும் வேலை நின்றபாடில்லை. அணைக்கு மேலே வண்டல் குவிந்து, மால்டா மாவட்டத்தில் கங்கை கரையை அரித்து ஊர்களை விழுங்கியது. 2016இல் பீகார் வெள்ளத்தின்போது ஃபரக்காவை அகற்றவேண்டும் என்று அம்மாநில முதல்வரே கோரினார்.

இவற்றில் பலவற்றை முன்கூட்டியே எச்சரித்த ஒரு மனிதர் இருந்தார். மேற்கு வங்கப் பாசனத்துறைப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா. அவருக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? பாகிஸ்தானின் கையாள். இன்று வளர்ச்சித் திட்டங்களைக் கேள்வி கேட்போரைத் தேசவிரோதி என்பவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ‘நவீன இந்தியாவின் கோயில்கள்’ என்று அணைகளைப் போற்றிய நேருவே 1958இல், பெரிதாக எதையேனும் கட்டிவிடவேண்டும் என்னும் வேட்கையை ஒரு நோய் என்று எச்சரித்தார். அந்த உரையை மட்டும் யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை.

இயற்கையின்மீது மனிதன் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் எதிர்பாராத பின்விளைவுகள் உண்டு என்று எங்கெல்ஸ் எழுதியதை நாம் வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அதோடு வர்க்கக் கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும். வெற்றி ஒருவருக்கும் பின்விளைவு இன்னொருவருக்கும் போய்ச் சேருவது ஏன்? உலக அணைகள் ஆணையம் 2000இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் உலகெங்கும் 4 கோடி முதல் 8 கோடி மக்கள் வரை இடம்பெயர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. நம் நாட்டில் அவர்களுள் பழங்குடியினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடப் பன்மடங்கு. நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்காக மலைவாழ் மக்கள் வெளியேற்றப்பட்டதை நாடறியும். அணைக்குக் கீழே பரூச் கழிமுகத்தில் உவர்நீர் ஏறி மீனவர்கள் வாடியதை அறிந்தோர் குறைவு.

இதே கணக்கு முறைதான் இத்தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இன்று அரங்கேறுகிறது. பெரிய நிக்கோபாரில் அவர்கள் கட்டவிருப்பது அணை அன்று. கலாத்தியா ஆறு கடலில் சேரும் விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம். அதோடு விமான நிலையம், நகரியம், மின் நிலையம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு இத்திட்டத்துக்குப் போகிறது. வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்பது ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்த எண்ணிக்கை. அதற்கு ஈடாக மரம் நடப்போகும் இடம் ஹரியானா! தோல் முதுகு ஆமைகள் முட்டையிடும் கரையும் ஷோம்பென் மக்கள் நடமாடும் காடும் ஹரியானாவில் எப்படி முளைக்கும் என்று கேட்டால் பதில் இல்லை.

நிலநடுக்க ஆபத்தையும் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. நாட்டிலேயே மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில் நாம் இருக்கிறோம். 2002 செப்டம்பரில் நிலம் குலுங்கியது திக்லிபூரில்தான். 2004இல் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் மடிந்தன. அதே நாளில் நிக்கோபாரின் கரைகள் கடலுக்குள் தாழ்ந்தன.

எனவே தோழர்களே, உங்கள் கைக்கு எட்டிய வேலையிலிருந்து தொடங்குங்கள். கல்போங் நீர்த்தேக்கத்தில் 2001 முதல் இன்றுவரை எவ்வளவு வண்டல் படிந்துள்ளது? சனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் அணைக்குக் கீழே எவ்வளவு நீர் விடப்படுகிறது? மொத்த மின் உற்பத்தி எவ்வளவு, அதனால் மிச்சமான டீசல் எவ்வளவு? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இக்கேள்விகளை நிர்வாகத்திடம் எழுப்பலாம். ஆற்றோர நெல் விவசாயிகளையும் ஏரியல் விரிகுடா மீனவர்களையும் நேரில் கண்டு, கிணற்று நீரின் சுவை மாறியிருக்கிறதா, கழிமுகத்தில் எந்த மீன் குறைந்திருக்கிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். கணக்கு அணைக்குச் சாதகமாக இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு நான் வரும்போது அந்தக் குறிப்பேட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.