ஒரு தலைக்கு எத்தனை மூட்டை?

கோட்டாற்றுப் பெரியோர்களே, முன்வரிசையில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிற செவிலியப் பிள்ளைகளே! டூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கொட்டாவி வந்தால் அடக்க வேண்டாம். முப்பது வருஷம் மதியச் சோற்றுக்குப் பிறகு புணர்ச்சி விதி நடத்தியவன் நான். கொட்டாவியைப் பார்த்து எனக்குக் கோபம் வராது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் செவிலியரைத் தேவதை என்றார்கள். நான்கு முறை. நான் விரல் விட்டு எண்ணினேன். ஒருவர் பூமாதேவி என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் தட்டும்போதே ஒரு சந்தேகம். தேவதைக்குச் சம்பளம் உண்டா? இல்லை. பி.எஃப். பிடித்தம்? கிடையாது. தேவதைக்கு இடுப்பு வலிக்காது, மாதவிலக்கு வராது, இரவு ஒன்பதரைக்கு வடசேரியிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கவும் வேண்டாம், சிறகு இருக்கிறதே! ஒருவரைத் தேவதை ஆக்கிவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டியது எதையும் கொடுக்க வேண்டியதில்லை. மலிவான ஏற்பாடு.

அதனால் நான் தேவதையை விட்டுவிட்டுச் சுமட்டுக்காரரிடம் போகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கம்பளம் சந்தை இருக்கிறது. விடியக்காலம் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைக்கு இன்ன கூலி என்று சங்கமும் வியாபாரியும் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். ஒரு தலைக்கு ஒரு மூட்டை. “இன்றைக்கு ஆள் குறைவு, நீயே நாலு மூட்டையைச் சேர்த்துத் தூக்கு, சேவைதானே” என்று எந்த முதலாளியாவது சொல்லிப் பார்க்கட்டும். “வேற ஆளப் பாரும் வே” என்று தலைத்துண்டை உதறிவிட்டுப் போய்விடுவார். அவரை யாரும் ஈவு இரக்கம் இல்லாதவர் என்று சொல்வதில்லை. கழுத்து ஒடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு செவிலியர் தலையில் எத்தனை நோயாளி?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அப்பா கடைசி வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெயர் வேண்டாம். இராத்திரி வார்டில் ஒரே ஒரு பெண். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசிருக்கும். நான் தூக்கம் வராமல் கட்டில்களை எண்ணினேன், இருபத்தாறு. இரண்டு மணிக்கு அந்தப் பெண் எங்கள் கட்டிலைக் கடந்து ஓடினவள் நின்றாள், திரும்பி வந்தாள், அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். “வேர்க்குதே” என்றாள். எனக்கு வேர்வையாகத் தெரிந்தது அவளுக்கு வேறு என்னவாகவோ தெரிந்திருக்கிறது. டாக்டரை எழுப்பிக் கூட்டிவந்தாள். அப்பா மேலும் ஏழு மாதம் இருந்தார். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் மற்ற இருபத்தைந்து கட்டில்களையும் பார்க்க ஆள் இல்லை. மூலையில் ஒருவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் எழுந்துபோய்க் கொடுத்தேன். கொடுக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் அப்படி ஓடியிருக்கக் கூடாது. ஓட வேண்டியதில்லை என்று காகிதத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறைப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது ஆஸ்பத்திரி என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். லீவு போடுகிறவர்களுக்கு ஈடாக இன்னும் முப்பது சதவீதம் பேர். இது சொகுசுக்காகப் போட்ட கணக்கு அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஐக்கனும் நர்ஸ்தான். அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸின் கணக்கில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறது. ஆகவே “எங்களுக்கு ஆள் போடு” என்று நர்ஸ் கேட்கும்போது அவர் கேட்பது உங்கள் உயிருக்காக, ஐயா. நாமும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? “சிஸ்டர், எவ்வளவு நேரமா கூப்பிடுகேன்!” என்று அவர் மேலேயே பாய்கிறோம்.

இந்த மாவட்டத்துக்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் 1838-இல் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் அங்கே வந்து தங்கி எத்தனையோ வயிறுகளை அறுத்துக் குணமாக்கினார். அவர் பெயர் இன்றும் நம் கிழவிகளின் வாயில் இருக்கிறது, இருக்கட்டும். அந்த வயிறுகளுக்கு இராத்திரி கட்டு மாற்றியவர்களின் பெயர் ஒன்று, ஒரே ஒன்று, இந்த அரங்கத்தில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி. கேட்டவர்கள் கதைக்கு வருகிறேன்.

2015-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தது. கையில் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருஷம் போனது. 2017 நவம்பர் 27-ஆம் தேதி சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. எந்தக் கட்சியும் லாரி ஏற்றிக் கொண்டுவரவில்லை. செல்போனில் செய்தி அனுப்பி, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். மூன்றாம் நாள் உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. திரும்பினார்கள். தோற்றுவிட்டார்கள் என்று பேப்பரை மடித்து வைத்தோம். ஆனால் அடுத்த ஆண்டில் 7,700 என்பது 14,000 ஆனது. அது தானாகக் கனிந்த பழமா? உட்கார்ந்த மூன்று நாளின் விலை.

நிரந்தரம் மட்டும் அப்படியே நீண்டுகொண்டிருந்தது. அப்புறம் கொரோனா. 2020 மார்ச் 22 மாலையில் நாம் எல்லாரும் வாசலில் நின்று தட்டம் அடித்தோம். மே 3-ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரிகளின் மேலே பூத்தூவியது. அழகாகத்தான் இருந்தது. தோவாளைப் பூச்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பூவின் ஆயுள் எவ்வளவு என்று சொல்லித்தர வேண்டாம், சாயங்காலம் வாடிவிடும். அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியருக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதி வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புத்தாண்டுப் பரிசு! 2023 ஜனவரி பிறந்ததும் அவர்கள் மறுபடி தெருவில் நின்றார்கள். இடையில் ஆட்சி மாறியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நான் எந்தக் கட்சிக்கும் இங்கே ஓட்டுக் கேட்க வரவில்லை. ஆள் மாறினால் போதும் என்று வீட்டில் இருந்துவிட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி மேற்கே பாருங்கள். களியக்காவிளை தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் அவர்களோடு ஒரே மாநிலத்தில்தான் இருந்தோம். அங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகள் 2011-இல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் என்று சங்கம் கட்டினார்கள். பெரிய தொழிற்சங்கங்கள் இவர்களைத் திரும்பிப் பார்க்காத காலம். அடுத்த வருஷம் கோதமங்கலத்தில் நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம், மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரி மொட்டைமாடி விளிம்பில் ஏறி நின்றுவிட்டார்கள். அந்த அளவுக்குத் தள்ளியதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. யாரும் அப்படி ஏற வேண்டாம் மக்களே. பிறகு பக்குவப்பட்டார்கள். 2018 ஏப்ரல் 24-ஆம் தேதி சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போவது என்று முடிவு. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். நாள் குறித்துவிட்டுச் செருப்பு வாங்கினார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள், ஏப்ரல் 23 இரவு, அரசாங்கம் ஆணை வெளியிட்டது, தொடக்கச் சம்பளம் 20,000. ஓர் அடிகூட நடக்கவில்லை!

அந்த 20,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம், 1908-இல் பிறந்த சங்கம், உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜனவரி 29 தீர்ப்பின்படி மத்திய அரசு ஒரு குழு போட்டது. ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது. இருநூறு படுக்கைக்கு மேலே போனால் அரசு செவிலியருக்குச் சமமான சம்பளம் என்று குழு எழுதியது. எல்லா மாநிலத்துக்கும் அதே காகிதம்தான் போனது. காகிதம் ஒன்று, ஆனால் சில இடத்தில் மட்டும் அதைப் பிரித்துப் படிக்க வைக்க ஆள் இருந்தார்கள். இந்த மாசச் சம்பளச் சீட்டை வைத்திருக்கிறீர்களா? எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள். வெளியே சொல்ல வேண்டாம், சிலருக்கு நாளைக்கே கேள்வி வரும். பார்த்தால் போதும்.

“நமக்கு என்னத்துக்கு மக்களே அரசியல், கெடச்சதப் பாத்துக்கிட்டு இரி.” அம்மைமார் சொல்வது இதுதான். பிறகு பாஸ்போர்ட். வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போகிறீர்கள், போங்கள். ஆனால் 2022 டிசம்பர் 15-ஆம் தேதி லண்டனில் என்ன நடந்தது? நூற்றுச் சொச்சம் வருஷப் பழமையுள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், இங்கிலாந்தில் முதல்முறையாக வேலைநிறுத்தம் செய்தது. ஆஸ்பத்திரி வாசல்களில் குளிரில் தட்டி பிடித்து நின்றார்கள். ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்திலும் அரசியல் வாசலில் நிற்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் அரசியல் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இந்த மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன. 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து ஆணை போட வேண்டியதாயிற்று. நீங்கள் இன்று உடுத்தியிருக்கிற யூனிஃபார்மின் மேல்துணிக்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது, பிள்ளைகளே. சொத்து மருமகனுக்குப் போய், பெற்ற பிள்ளையும் கட்டிய மனைவியும் தெருவில் நின்ற மருமக்கள் வழியைத் தேரூர்க் கவிமணி மான்மியம் பாடிச் சிரித்தார். ஊர் விவாதித்தது, கூட்டம் போட்டது, மனுக் கொடுத்தது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. கேலி, கூட்டம், மனு, சட்டம். இந்த வித்தை நமக்குத் தெரியாததா?

ஒரு சினிமாக் கதையும் சொல்லிவிடுகிறேன், தூங்குகிறவர்கள் எழுந்துகொள்ளலாம். டெர்மினேட்டர் படம் பார்த்திருப்பீர்கள், அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர். அவர் கலிபோர்னியாவுக்கு கவர்னர் ஆனார். அங்கே ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999-இல் சட்டம் போட்டு, 2004-இல் அமலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சாதாரண வார்டில் ஆறு பேருக்கு ஒருவர்; அடுத்த வருஷம் ஐந்து பேருக்கு ஒருவர் ஆக வேண்டும். கவர்னர் அதைத் தள்ளிவைத்தார். நர்ஸுகள் ஒரு மகாநாட்டில் பேனர் பிடித்தார்கள். அவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள், அவர்களை நான் எப்போதும் உதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற மாதிரி மேடையிலேயே பேசிவிட்டார், உலகத்துக்காக வில்லனை அடித்த மனுஷன்! அதற்குப் பிறகு அவர் எங்கே விருந்துக்குப் போனாலும் வாசலில் நர்ஸுகள். சிவப்பு டீ-ஷர்ட். ஒரு வருஷம் விடவில்லை. கோர்ட்டு அவருக்கு எதிராகச் சொன்னது. 2005 நவம்பரில் அவர் மக்களிடம் வைத்த நான்கு தீர்மானங்களும் தேர்தலில் தோற்றன. அதே வாரத்தில் அந்தக் கோர்ட்டுத் தீர்ப்பை எதிர்த்து நடத்திய மேல்முறையீட்டை விட்டுவிட்டார். டெர்மினேட்டரை வீழ்த்த ஊசிகூடத் தேவைப்படவில்லை.

வேலைநிறுத்தம் என்றால் வார்டில் கிடக்கிறவன் கதி என்ன என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். நியாயமான கேள்வி. அதை லேசாகத் தாண்டிப்போகிறவனை நான் நம்ப மாட்டேன். ஐ.சி.யூ.வை விட்டு ஒருவரும் எழுந்துபோகக் கூடாது. ஆனால் வேலைநிறுத்தம் கடைசிப் படி, ஐயா. நாம் முதல் படியிலேயே இன்னும் கால் வைக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். நர்ஸ் போனால் மேலிடம் முறைக்கும், நோயாளியின் மகன் போனால் யார் முறைக்க? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். தேர்தல் வரும்போது கட்-அவுட்டுக்குக் கீழே நின்று ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் ஒரே கேள்வி போதும்: இந்தத் தொகுதி ஆஸ்பத்திரியில் இராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? தெரியாது என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். டீ கொடுத்து அனுப்புங்கள், கோபம் வேண்டாம்.

நம் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல். கோட்டாற்றுச் சந்தைக்குத் தலைச்சுமையாக வந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும், திரும்ப ஏற்றவும் ஆளின் உயரத்துக்கு அளந்து நட்ட கல். சுமப்பவரைப் புகழ்ந்து அதில் ஒரு வரி வெட்டியிருக்காது. உயரம் மட்டும் சரியாக இருக்கும்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் நூலகத்துப் பையன் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறான். அதில் பெயர் எழுத வேண்டாம், ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். நேற்றிரவு உங்கள் வார்டில் எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ், அந்த இரண்டு எண் மட்டும். நோயாளியோடு துணைக்குப் படுத்தவர்களும் எழுதலாம். நாளைக்கும் எழுதுங்கள், மறுநாளும். பத்து மணி டூட்டிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் எழுதிவிட்டுப் போங்கள். மற்றவர்கள் கொஞ்சம் வழிவிடுங்கள், அவர்களுக்கு பஸ் போய்விடும்.