மலைக்குளிருக்கு ஒரு மப்ளர்

குருவிட்டவில் கம்பளி அணிவோர் அரியர். இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதியிலே, தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் ஈரவலயம் அது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. வியர்வை உலராத இத்தகைய வெம்மையில் வாழும் ஒரு பெண், கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் கையிலெடுத்து மப்ளர் பின்ன அமர்ந்தால், அயலார் புன்முறுவல் பூப்பது இயல்பே. ஆயினும் அவள் செயல் காரணமற்றதன்று. அக்காரணம் கிழக்குத் திசையிலே முகில்களுக்கு மேல் தலைநீட்டி நிற்கிறது. அதுவே சிவனொளிபாதமலை.

கடல்மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலைக்குச் செல்லும் பழைய வழிகளுள் ஒன்று, குருவிட்டவிலிருந்து எரத்ன என்னும் ஊரின் ஊடாகப் போகிறது. வழிகளுள் மிகக் கடியவற்றுள் அதுவும் ஒன்றென்பர். டிசெம்பர் மாதத்துப் பூரணை தொடங்கி மே மாதத்து வெசாக் பூரணை வரையில் யாத்திரைக் காலம். சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் தத்தம் நம்பிக்கையோடு ஏறும் மலை அது. உயரம் 1,000 மீற்றர் கூடுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குறையும் என்பது அறிவியல் கணக்கு. ஆகவே அடிவாரத்தில் விசிறி தேடியவர், சில மணி நேரத்தின் பின், உச்சியிலே பற்கள் கிட்டும் குளிரில் சூரியோதயத்தை எதிர்நோக்கி நிற்க நேரும். ஏறும்போது பெருகிய வியர்வை உடையை நனைத்திருக்க, அதன்மேல் விடியற்காற்று வீசும். அந்நேரத்திற் கழுத்தையும் மார்பையும் காப்பதற்கு ஒரு மப்ளரைவிட உற்ற துணை வேறில்லை.

குருவிட்டவை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் ஒரு தாயும் மகளும் வாழ்வதாக எண்ணிப் பார்க்கலாம். தாய் இறப்பர் மரத்திற் பால் வெட்டிப் பல ஆண்டுகள் உழைத்தவள். நாள்தோறும் கண்ணெதிரே கண்ட அம்மலையில் அவள் ஒருமுறையேனும் ஏறியதில்லை. வேலைநாள் தவறினால் கூலி தவறும். கூலி தவறினால் அடுப்புத் தவறும். இப்போது ஓய்வு வாய்த்திருக்கிறது. தைப்பூரணைக்கு மலையேற எண்ணியிருக்கிறாள். தாய்க்குத் தன் கையாலேயே ஒரு மப்ளர் பின்னிக் கொடுக்க மகள் விரும்புகிறாள். அவளோ ஊசி பிடித்து அறியாதவள். தெரிந்த ஒருவரிடம் நேர்க்கண்ணி எடுக்கவும் எதிர்க்கண்ணி எடுக்கவும் மட்டும் கற்றிருக்கிறாள். இந்நிலையிலே அவள் தேர்ந்துகொண்ட பின்னல்வகை, பிரியோஷ் என்பது.

பிரியோஷ் என்பது பிரான்சு நாட்டில் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் சுடப்படும் ஒருவகை மென்மையான அப்பத்தின் பெயர். பின்னலுக்கும் அப்பத்திற்கும் என்ன உறவு என்று வினவலாம். 1843ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த தமது பின்னல் நூலிலே பிரான்சிஸ் லம்பேர்ட் என்னும் அம்மையார், அவ்வப்பத்தின் வடிவத்தை ஒத்த ஒரு பின்னல் திண்டினைச் செய்யும் முறையை விளக்கியிருக்கிறார். திண்டின் பெயர் நாளடைவிற் பின்னலுக்கே ஆகிவந்தது. ஜெர்மானியர் இதனைப் பட்டென்ட் பின்னல் என்று வழங்குவர். இதன் துணி தடித்தும் பஞ்சுபோல் மென்மையாகவும் இருக்கும். இருபுறமும் ஒரே தோற்றமுடைய நீண்ட வரம்புகள் எழும்பி நிற்பதால், உட்புறம் வெளிப்புறம் என்ற வேற்றுமை இல்லை. அவ்வரம்புகளுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கும். உடலின் வெப்பத்தை வெளியே விடாது தடுப்பது அந்தக் காற்றேயன்றி நூல் மட்டுமன்று. எப்படிச் சுற்றினும் அழகு குன்றாத மப்ளருக்கு இப்பின்னல் ஏற்றதாவது இதனாலேயே.

முதலில் வேண்டிய பொருள்களைக் கூறலாம். நடுத்தரப் பருமனுள்ள நூல் 200 கிராமும் அதற்குச் சற்று மேலும் வேண்டும். சாதாரணப் பின்னலைவிட இது நூலை மிகுதியாக உண்ணும். ஆட்டுக் கம்பளியாயின் ஈரம் பட்டபின்னரும் ஓரளவு வெம்மை தரும். செயற்கை நூலாயின் விலை குறைவு, கழுவுவதும் எளிது. நூலின் நிறம் வெளிறியதாக இருத்தல் நன்று. கருநிற நூலில் கண்ணிகளைப் பிரித்தறிவது தொடக்கத்தாருக்குக் கடினம். ஊசி 4 மில்லிமீற்றர்ப் பருமன் கொண்டதாக இருக்கலாம். பிரியோஷ் அகன்று விரியும் இயல்புடையதாதலால், அந்நூலுக்கு வழக்கமாகக் கொள்ளும் ஊசியினும் சிறிது மெல்லியதே தக்கது. பால் வெட்டியோ கொழுந்து பறித்தோ கை சொரசொரப்பானவர்கள், விரல்களிற் சிறிது தேங்காயெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்தபின் நூலைத் தொட்டால், இழை தோலில் மாட்டாது.

ஊசியில் 26 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றிக்கொள்ள வேண்டும். இரு ஓரங்களிலும் உள்ள ஒவ்வொரு கண்ணி கரைக்கு உரியது. நடுவில் உள்ள 24 கண்ணிகளே பின்னலுக்கு உரியவை. ஒவ்வொரு வரிசையிலும் முதற் கண்ணியைப் பின்னாமலே வலவூசிக்கு மாற்றுவதும், கடைசிக் கண்ணியை நேராகப் பின்னுவதும் மாறாத விதி.

இனி, தொடக்க வரிசை. கரைக்கண்ணியை மாற்றியபின், நூலை இரண்டு ஊசிகளுக்கும் இடையால் முன்னே கொண்டுவருதல் வேண்டும். அடுத்த கண்ணியைப் பின்னாமல், எதிர்க்கண்ணி எடுக்கும் பாவனையில், வலவூசிக்கு மாற்ற வேண்டும். பின்பு முன்னே நிற்கும் நூலை வலவூசியின் மேலாகப் பின்புறம் கொண்டுசெல்ல, அது மாற்றிய கண்ணியின்மேல் சாய்வாகக் கிடக்கும். மழைக்குத் தலையிற் சேலைத்தலைப்பை இழுத்துவிட்ட பெண்ணைப்போல அக்கண்ணி தோன்றும். அதனை முக்காடிட்ட கண்ணி என்று சொல்லலாம். அதற்கடுத்த கண்ணியை நேராகப் பின்ன வேண்டும். இவ்வாறே ஒன்றுக்கு முக்காடு, ஒன்றுக்கு நேர்ப்பின்னல் என்று வரிசை முடியும்வரை செல்ல வேண்டும்.

இரண்டாவது வரிசை முதற்கொண்டு ஒரே விதிதான். முக்காடில்லாக் கண்ணி வந்தால், அதைப் பின்னாமல் மாற்றி முக்காடிடுக. முக்காடிட்ட கண்ணி வந்தால், கண்ணியையும் முக்காட்டையும் ஒருங்கே சேர்த்து நேராகப் பின்னுக. இவ்வளவே. இந்த வரிசையில் முக்காடு பெற்றது அடுத்த வரிசையிற் பின்னப்படும். இதிற் பின்னப்பட்டது அடுத்ததில் முக்காடு பெறும். எதிர்க்கண்ணி எடுக்கும் வேலையே இதில் இல்லை. விதி இவ்வளவு எளிதாயிருந்தும், தொடக்கத்தார் பலர் தளர்வதற்குக் காரணம் எண்ணிக்கையே. ஊசியில் ஏற்றியவை 26 கண்ணிகள். எண்ணிப் பார்த்தால் 38 இழைகள் தோன்றும். பன்னிரண்டும் முக்காடுகள். முக்காட்டைத் தனிக் கண்ணியாக எண்ணலாகாது என்பதை அறியாதவர், பின்னல் தானே பெருகிவிட்டதென மயங்கி, அதை இழுத்துக் குலைத்துவிடுவர். வரிசையின் கணக்கும் அவ்வாறே ஏமாற்றும். ஒவ்வொரு கண்ணியும் இரண்டு வரிசைக்கு ஒருமுறையே பின்னப்படுவதால், இருநூறு வரிசை பின்னியபோது வரம்பிலே நூறுதான் காணப்படும். பாதி உழைப்பு மறைந்துபோயிற்றோ என்று மனம் சோரும். அது மறையவில்லை, துணியின் தடிப்பாகி உள்ளே இருக்கிறது.

பிழையைக் கண்டறிய ஓர் எளிய வழியுண்டு. வரிசை முடிந்ததும் கரைக்கண்ணிகளை விடுத்து நடுவிலுள்ளவற்றை நோக்கினால், முக்காடிட்டதும் இல்லாததும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்றல் வேண்டும். முக்காடில்லாதவை இரண்டு அடுத்தடுத்து நின்றாலும், முக்காடிட்டவை இரண்டு அடுத்தடுத்து நின்றாலும், அவ்விடத்திற் பிழை நேர்ந்துள்ளது என்பது தெளிவு. அதே வரிசையிற் கண்டால் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கி எடுத்துத் திருத்தலாம். பல வரிசை கடந்தபின் கண்டால் திருத்துவது அரிது. சாதாரணப் பின்னலில் நழுவிய கண்ணியைக் கொக்கியூசியால் ஏணிப்படிபோல் ஏற்றிவிடலாம். பிரியோஷிலோ ஒவ்வொரு படியிலும் இரண்டு இழைகள் கிடக்குமாதலால், எது கண்ணி எது முக்காடு என்று புதியவர்க்குப் புலப்படாது.

இதற்கு ஒரு காப்பு உண்டு. ஏறத்தாழ ஒரு சாண் பின்னியதும், வேறு நிறமுள்ள மெல்லிய பருத்தி நூலைத் தையலூசியிற் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள கண்ணிகளினூடாகவும் அவற்றின் முக்காடுகளினூடாகவும் ஒருசேர ஓட்டி அங்கேயே விட்டுவிட வேண்டும். பின்னர் எவ்வளவு பெரிய பிழை நேரினும், ஊசியை உருவிவிட்டு அந்நூல் வரையிலேயே அவிழ்க்கலாம். அதற்குக் கீழுள்ளது குலையாது. அந்நூலில் நிற்கும் கண்ணிகளை மீண்டும் ஊசியில் ஏற்றிக்கொண்டு தொடரலாம்.

மகளுக்கு இக்காப்பு முதலில் தெரியாது. இரண்டு சாண் பின்னிய பின்னரே அடியில் ஒரு துளை இருக்கக் கண்டாள். எட்டு வரிசைக்கு முன்னர் ஒரு முக்காடு நழுவியிருந்தது. பூரணைக்கோ நாட்கள் சில. துளையை மறைத்து மேலே பின்னிவிடலாமா என்ற எண்ணமும் எழுந்தது. ஆயினும் காற்று நுழையும் இடத்தைத் தாயின் கழுத்துக்கு விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. கண்கள் கலங்க அமர்ந்திருந்தவளைத் தாய் பார்த்தாள்.

"பால் வெட்டுறப்ப கத்தி மரத்தைத் தொட்டுச்சுன்னா அந்தக் காயம் சரியா ஆறாது புள்ள. பட்டை கோணலாத்தான் வளரும். நூலு அப்படியா? அவுத்தா மறுபடியும் நூலுதானே," என்றாள்.

கல்வியறிவு பெரிதில்லாத அத்தாயின் சொல்லில் தொழிலறிவு முழுதும் இருந்தது. இறப்பர் மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாக நாள்விட்டு நாள் சீவும் கலை, மிகுந்த கை நிதானம் வேண்டுவது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையிலுள்ள உயிர்ப்படையிற் கத்தி பட்டால், புதிதாக வளரும் பட்டை முடிச்சுக்களோடு வளரும். பின்னர் அதிற் செவ்வனே வெட்டுதல் இயலாது. அத்தகைய தொழிலில் ஒரு பிழைக்கும் இடமின்றி வாழ்ந்தவளுக்கு, எத்தனை முறை பிழைத்தாலும் மீண்டும் தொடங்க இடந்தரும் கைத்தொழில் ஒன்று வியப்பாகவே தோன்றியிருக்கும். மகள் அவிழ்த்தாள், தாய் எதிரே அமர்ந்து நூலைப் பந்தாகச் சுற்றினாள். மறுநாள் மாலை ஏற்றிய கண்ணிகளில் துளை இல்லை. ஒரு சாண் அளவில் சிவந்த காப்பு நூல் ஓடியிருந்தது.

நூலும் ஊசியும் பெண்களுக்கு விடிவு தந்த வரலாறு தமிழரிடத்தே பழையது. 1820களில் நாகர்கோயிலிலே மார்த்தா மால்ட் என்னும் மிஷன் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைத்தளையிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வேலையால் வந்த ஊதியத்தைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர் என்பர். ஒரு மப்ளர் அத்தகைய பெரும் மாற்றத்தைச் செய்துவிடாது. ஆனால் நாள் முழுதும் பிறர் நிறுக்கும் எடைக்காகவே இயங்கிய குடும்பத்துக் கைகள், மாலையிலே தமக்கென ஒன்றைச் செய்வது சிறு செய்தியன்று.

வேண்டிய நீளம் வந்ததும், கண்ணிகளைத் தளர்வாக முடித்தல் வேண்டும். முக்காடில்லாததை எதிர்க்கண்ணியாகவும், முக்காடிட்டதை முக்காட்டோடு சேர்த்து நேர்க்கண்ணியாகவும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கடத்தி முடிக்கலாம். இறுக்கி முடித்தால் ஓரம் சுருங்கும். கழுவியபின் பிழியாது, துவாயில் வைத்துச் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாகப் பரப்பி உலர்த்துதல் வேண்டும். கொடியிலே தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் நீண்டுவிடும். இரத்தினபுரி மழையில் இரண்டொரு நாள் கூடுதலாகவே செல்லும். நன்றாக உலராமல் மடித்து வைத்தால் பூஞ்சணம் பற்றும்.

மலைப்பாதையிலே இந்திகட்டுபான என்றோர் இடமுண்டு. புத்தர் பெருமான் அவ்விடத்தில் தமது சீவரத்தைத் தைத்தார் என்பது பௌத்தர் நம்பிக்கை. அதனை நினைந்து யாத்திரிகர் அங்கே ஊசியும் நூலும் காணிக்கையாக்கி, வெண்ணூலைப் பாதையோரமாக நீள விரித்துச் செல்வர். முதன்முறை ஏறுவோரைச் சிங்களத்திற் கோடுகாரயோ என அழைத்து, அவருக்கெனத் தனி முறைமைகளையும் வகுத்திருக்கின்றனர். தொடக்கத்தாரை இழிவாக எண்ணாது, மரியாதையோடு மலை வரவேற்கிறது.

தைப்பூரணை இரவிலே அவ்விடத்தை அடையும் தாய், கழுத்திற் கிடப்பதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். முதன்முறை மலையேறும் அவளுக்கு, முதன்முறை ஊசி பிடித்த கை பின்னியது அது. ஓரம் ஓரிடத்திற் சற்றே நெளிந்திருக்கலாம். குளிர் உள்ளே நுழைய வழியில்லை.