வீட்டில் நோயாளி: யாரை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போவது?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்க மேடையில் கூலியைப் பற்றிப் பேசுவார்கள், போனஸைப் பற்றிப் பேசுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் உங்கள் லயத்திலும் தெருவிலும் வீட்டுக்கு வீடு எண்ணிப் பாருங்கள். கை கால் விழுந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், நினைவு தப்பிப்போன பெரியவர் என்று எத்தனை பேர்! அவர்களை வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஷிப்டுக்கு ஓடுகிறீர்கள், நடவுக்குப் போகிறீர்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புருஷன் நூல் மில்லில் ஷிப்டு மாறி மாறிப் போகிறவன்; மனைவி பனியன் கம்பெனியில். தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, தொழிலாளியைச் சார்ந்திருக்கும் தாய் தந்தைக்கும் அதில் வைத்தியம் உண்டு. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்புகிறார்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது. பார்ப்பது யார்?

"ஏன், மருமகள் இருக்கிறாளே!" என்று ஊர் சொல்லும். ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். மருமகள் வேலையை விட்டால் அந்தக் குடும்பத்தின் பாதி வருமானம் போகிறது, அவளுடைய பி.எப். போகிறது, இடுப்பும் போகிறது. நான் வார்டில் பார்த்திருக்கிறேன். நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு விழுந்த மருமகளே இரண்டு வருஷத்தில் நோயாளியாக வந்து சேருவாள். ஆகவே ஆள் வைப்பது ஆடம்பரம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி.

காசு கொடுத்து ஆள் தேடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, படுத்திருப்பவருக்கு வீட்டிலேயே உடற்பயிற்சிச் சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை இவையும் அத்திட்டத்தைச் சேர்ந்தவை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்து கேளுங்கள். நமக்கு உரியதைக் கேட்டு வாங்காமல், அதே வேலைக்குத் தனியாரிடம் பணம் கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்பு வேலை, அக்கம்பக்கத்துத் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது; 2008-ல் மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. ஊர்க்காரர்கள் முறை வைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். இங்கே நாம் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். படுத்தவருக்கு ஒரு மணி நேரம் எழுதுவதில்லை.

இவையெல்லாம் இருந்தாலும், நாள் முழுவதும் பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. சரி, தேடுகிறீர்கள். கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸில் 'ஹோம் நர்ஸ் கிடைக்கும்' என்று போட்டிருக்கிறது. போன் செய்தால் மறுநாளே பெண் வந்து நிற்கிறாள். அவள் நர்ஸா?

நர்ஸ் என்றால் மூன்று வருஷ டிப்ளமோவோ நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங்கோ படித்து, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் படிப்பு படித்தவர்கள் அல்ல, உதவியாளர்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. உங்கள் தாய்க்கு வேண்டியது குளிப்பாட்டுவதும், சோறு ஊட்டுவதும், துணி மாற்றுவதும், நடக்கப் பிடிப்பதும் என்றால் பொறுமையுள்ள உதவியாளரே போதும். ஆனால் ஊசி போடுவது, மூக்கு வழியாகக் குழாய் இறக்குவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது இவற்றை அவரிடம் ஒப்படைக்காதீர்கள். "எனக்குத் தெரியும்" என்று அவரே சொன்னாலும் வேண்டாம். நர்ஸ் சம்பளத்தை வாங்கிக்கொண்டு உதவியாளரை அனுப்புவது ஏஜென்சிக்காரனுடைய வியாபாரம். அதற்காக அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டு என்ன பயன்?

இந்த ஏஜென்சி என்பது என்ன? அந்தக் காலத்துத் தேயிலைத் தோட்டக் கங்காணியை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். ஆளைப் பிடித்துக் கொடுத்துத் தலைக்காசு வாங்கினான். இன்று அவன் ஆபீஸ் போட்டு, விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடத்துகிறவர்களும் உண்டு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "நான் கொடுக்கும் பணத்தில் அந்தம்மா கைக்கு எவ்வளவு போகிறது?" நேராகச் சொல்லி ரசீதும் கொடுப்பவனோடு மேற்கொண்டு பேசலாம். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் அவள் பேரிலுள்ள பாங்கிக் கணக்குக்கே போகட்டும். முன்பணமாக மூன்று மாதம், திருப்பித் தராத டெபாசிட் என்று எதற்கும் இணங்காதீர்கள். ஆள் பிடிக்காமல் மாற்றச் சொன்னால் எத்தனை நாளில் மாற்றுவான் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வருகிறவரைப் பற்றி விசாரிப்பது தவறல்ல. அவருடைய ஆதார் நகல், போட்டோ, சொந்த ஊர் விலாசம், வீட்டில் ஒருவரின் போன் நம்பர் இவ்வளவும் வேண்டும். நகல்தான் வேண்டும், அசலைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. இதற்கு முன் வேலை செய்த இரண்டு வீடுகளின் போன் நம்பரைக் கேட்டு, நீங்களே பேசுங்கள். "நல்ல பெண்ணா?" என்று கேட்டால் எல்லாரும் "நல்ல பெண்தான்" என்பார்கள். "ராத்திரி கூப்பிட்டால் எழுந்தாளா? உங்கள் அப்பாவுக்குப் படுக்கைப் புண் வந்ததா? ஏன் நின்றாள்?" என்று கேளுங்கள். காவல் துறையின் சரிபார்ப்புச் சேவையில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அவரும் உங்களைப் பற்றி விசாரிக்கட்டும். அவர் ஒரு பெண். முன்பின் தெரியாத வீட்டில், தெரியாத ஆண்கள் மத்தியில் படுத்துத் தூங்க வருகிறார்.

வேலை நேரம் ஒன்றைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'இருபத்து நான்கு மணி நேர ஆள்' என்று ஏஜென்சியில் ஒரு சரக்கு இருக்கிறது. இரண்டு ஆள் வைப்பதைவிட மலிவு என்று நம்மவர்களும் அதையே கேட்கிறார்கள். தோழர்களே, முழு நைட் முடித்து, ஆள் வரவில்லையென்று அடுத்த ஷிப்டும் நின்றவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்! ரிங் பிரேம் முன்னால் கண் சொருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அசையாமல் கிடக்கும் நோயாளியைச் சுமார் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். புரட்டாவிட்டால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு குழியாகிவிடும். எலும்பு தெரியும் புண்களை நான் கட்டியிருக்கிறேன். பகல் முழுக்க உழைத்த ஒருத்தி ராத்திரியும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்திருக்க முடியுமா? ஒரு நாள் முடியும், இரண்டு நாள் முடியும். மூன்றாம் நாள் அவள் தூங்கிப்போவாள். அவள் தூங்கும்போதுதான் உங்கள் தாய் கட்டிலிலிருந்து விழுவாள். இதில் குற்றவாளி யார்?

ஆகவே பகலுக்கு ஆள் வைத்தால் ராத்திரியை வீட்டார் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு ஆள் வைத்தால் அவர் பகலில் தூங்கட்டும். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுங்கள். வீட்டுத் தொழிலாளருக்குத் தொடர்ந்து 24 மணி நேர வார ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் 189-வது ஒப்பந்தத்தில் எழுதியது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. டில்லி ஏற்காவிட்டால் உங்கள் வீடு ஏற்கக் கூடாதா? ஒரு குடும்பத்தால் சம்பளம் தாங்காது என்றால், ஒரே லயத்தில் இரண்டு நோயாளிகள் இருக்கும் வீடுகள் சேர்ந்து, ஒருவர் காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று ஏற்பாடு செய்யலாம்.

வந்த முதல் மூன்று நாளும் வீட்டில் ஒருவர் கட்டாயம் கூட இருங்கள். ஷிப்டு மாற்றிக்கொள்ளுங்கள், லீவு போடுங்கள். இன்ன மாத்திரை இன்ன நேரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கவாதம் வந்தவரை உட்கார்த்தி வைத்து ஊட்ட வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் புரை ஏறி, கஞ்சி நுரையீரலுக்குப் போய், காய்ச்சலில் கொண்டுபோய் விடும். சாப்பிட்டபின் அரை மணியாவது சாய்ந்து உட்காரட்டும். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு மாத்திரை, எந்தப் பக்கம் புரட்டியது, வெளிக்குப் போனாரா என்று அதில் எழுதட்டும். அவருக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளை கேட்டு எழுதட்டும். ஷிப்டு விட்டு வருகிற நீங்கள் அதைப் படித்தால் பாதிச் சந்தேகம் தீரும், டாக்டருக்கும் உதவும். வீட்டில் காமிரா வைக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வைப்பதானால் அவரிடம் சொல்லி வையுங்கள். குளிப்பாட்டும் இடத்திலும், உடை மாற்றும் இடத்திலும் வைக்கவே கூடாது. என்னைக் கேட்டால், சொல்லாமல் திடீரென்று எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காள் காமிராவைவிட மேல்.

பணம், நகை விஷயம். கழுத்துச் செயின், நகைக்கடன் சீட்டு, பட்டா, ஏ.டி.எம். அட்டை எல்லாவற்றையும் முதல் நாளே எண்ணிப் பூட்டி வையுங்கள். அது உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் பாதுகாப்பு. காணாமற்போன மோதிரம் பீரோவுக்கு அடியில் கிடக்க, போலீஸ் ஸ்டேஷனில் அழுதுகொண்டு நின்ற ஏழைப் பெண்கள் எத்தனையோ பேர். நினைவு தப்பிய பெரியவரின் கட்டைவிரல் ரேகையை எந்தக் காகிதத்திலும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் என்றால் சொந்த மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்? பெரியவர் அந்த ஆளைக் கண்டால் ஒடுங்கினால், பகலெல்லாம் மயங்கித் தூங்கினால், உடம்பு திடீரென்று இளைத்தால் கவனியுங்கள். உடம்பில் நீலம் பாய்ந்திருந்தால் உடனே கத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையாலும் அப்படி வரும். முதலில் கேளுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கொடுமைதான் என்று தெரிந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். முதியோர் உதவிக்கென்று 14567 என்ற எண் இருக்கிறது; கட்டணம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லித்தான் தீர வேண்டும். வந்த பெண்ணின் ஜாதியைக் கேட்டுத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் நம்முடைய லயங்களிலேயே இருக்கின்றன. உன் தாயின் மலத்தை எடுக்க அந்தக் கை ஆகும், உன் வீட்டு டம்ளரைத் தொட ஆகாதா? வேலை செய்யும் பெண்ணிடம் வீட்டு ஆண்கள் தவறாக நடந்தால், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி வீடும் பணியிடமே. மாவட்டத்திலுள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் அவர் போகலாம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், படுத்திருக்கும் பெரியவருக்கும் சொல்லுங்கள்.

விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்திருப்பவர்களே! வேலையில்லாத மாதங்களில் உங்கள் பெண்கள்தான் இந்த வேலைக்குப் பட்டணம் போகிறார்கள். போகுமுன் வீட்டு விலாசத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் அவள் கையிலேயே இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சம்பளமும் ஓய்வு நாளும் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல் அமைந்தது. 18 வயது நிறைந்தவர்கள் அதில் பதிந்துகொள்ளலாம். சங்க ஆபீசில் மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

பேச்சு போதும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். நோயாளியைத் தனி ஆளாக, முதுகு பிடிக்காமல் எப்படிப் புரட்டுவது என்று காட்டுகிறேன். ஆண்கள் முதலில் வாருங்கள்.