விதியும் வீதியும்

(நமது சங்கத்தின் நத்தம் கிளை மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் ஏதேனும் ஓர் இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தனர். யானும் அதற்கே ஆயத்தமாக இருந்தேன். ஆயின், சென்ற வாரம் நமது சங்கப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டியபொழுது, அவற்றின் கடைசிப் பக்கத்து இரங்கற் குறிப்புக்கள் என் எண்ணத்தை மாற்றிவிட்டன. முன்னாளில் அப்பக்கத்தில் எழுபதும் எண்பதும் ஆண்டு நிறைவாழ்வு வாழ்ந்தோர் பெயர்களே காணப்பட்டன. அண்மை இதழ்களிலோ பதினெட்டு, இருபத்திரண்டு, முப்பது என்று வயது குறைந்துகொண்டே வருகின்றது. பல குறிப்புக்களின் வாசகம் ஒன்றே: "விதிவசத்தால் சாலை விபத்தில் அகால மரணம் அடைந்தார்." இவ்வாசகத்தைப் பற்றியே இன்று சிறிது கூறக் கருதுகின்றேன்.

விதி என்னும் சொல் தமிழில் இரு பொருளில் வழங்குவது. ஊழ் என்பது ஒரு பொருள். இன்னவாறு ஒழுகுக என்று வகுக்கப்பட்ட நெறி என்பது மற்றொரு பொருள். துக்கம் கேட்கச் செல்லும் நாம் முதற் பொருளை மட்டும் கொண்டு, "அவன் தலைவிதி" என்று சொல்லி எழுந்து வந்துவிடுகின்றோம். இரண்டாம் பொருளை நினைப்பார் இல்லை. தலைவிதி என்று நாம் அழுபவற்றுட் பெரும்பாலன சாலைவிதி பிழைத்தமையால் வந்தவையே என்பதே யான் கூற வந்தது.

இதற்குச் சான்று வேண்டுமாயின் அரசாங்கத்தார் வெளியிட்ட கணக்கையே காண்க. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் இறந்தோர் 17,218 பேர். 2019-ஆம் ஆண்டில் அத்தொகை 10,525 ஆகக் குறைந்தது. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவம் ஆகிய துறையினர் ஒன்றுகூடி முயன்றதன் பயன் இஃது என்று அப்பொழுது பாராட்டப்பெற்றது. பின்னர் அத்தொகை மீண்டும் ஏறி, 2022-ஆம் ஆண்டில் 17,884 ஆயிற்று. அஃதாவது, நாளொன்றுக்கு 49 உயிர்கள். முயன்றால் குறைவதும் அயர்ந்தால் மிகுவதும் ஆகிய ஒன்றை ஊழ் என்று கூறுதல் பொருந்துமோ?

அரசாங்கம் வாளா இருந்ததென்று கூறுவதற்கில்லை. 108 என்னும் எண்ணில் அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் ஊர்தி 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடுகின்றது. இருசக்கர வாகனம் ஓட்டுவோரும் பின்னே அமர்வோரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் செய்தது. அதனை அணியாதார்க்கு நூறு ரூபாயாக இருந்த அபராதம் 2022-ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் நெடுஞ்சாலையோரத்து மதுக்கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன; நகர எல்லைக்குள் அத்தீர்ப்பு பின்னர்த் தளர்ந்தமை வேறு செய்தி. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் 'நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. விபத்துற்றவர் எந்த ஊரினர், எந்த நாட்டினர், கையில் பணமோ காப்பீட்டு அட்டையோ உண்டா என்று வினவாது, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசாங்கத்தின் செலவில் அளிப்பது அது. அத்திட்டத்திற் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இவ்வுதவி உண்டு.

இவ்வளவு இருந்தும் 49 பேர் ஏன் மாய்கின்றனர்? இந்திய நாடு முழுதும் 2022-ஆம் ஆண்டில் சாலையில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் பத்தில் எழுவர் அளவு கடந்த வேகத்தால் இறந்தனர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் 50,029 பேர். சட்டம் தலைக்கவசத்தை அணிக என்று கூறும். அதனை எடுத்துத் தலையில் வைக்கச் சட்டத்திற்குக் கையில்லை.

நம்மூரையே எடுத்துக்கொள்வோம். மதுரை நகருள் 7.3 கிலோமீட்டர் மேம்பாலமும், அதற்கப்பால் இவ்வழியாக 24.4 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையும் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டன. நன்மையே. ஆயின் பழைய சாலையில் மேடு பள்ளங்களே நம் வேகத்தைத் தடுத்தன; இப்பொழுது தடுக்கவல்லது நம் அறிவொன்றே. சாலை நடுவே தடுப்பு வந்தபின், அரைக் கல் சுற்றிச் செல்ல மனமின்றி எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வருவோரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். தை மாதத்திலோ செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் அடியார்கள் நம்மூர் வழியே இருளில் நடக்கின்றனர். அவர்தம் பைகளில் ஒளிவில்லை ஒட்டுவது காவலர் கடமையாயின், அவர்களைக் கண்டு வேகம் தணிப்பது நம் கடமையன்றோ?

சுவீடன் என்னும் நாட்டுப் பாராளுமன்றம் 1997-ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வகுத்தது. மனிதன் பிழை செய்யும் இயல்பினன். அப்பிழைக்கு மரணம் தண்டனையாகாதவாறு சாலையையும் வாகனத்தையும் அமைப்பது ஆள்வோர் பொறுப்பு. சாலையில் ஓருயிரும் போதல் கூடாது என்பதே அக்கொள்கை. அவ்வாண்டில் அங்கு இறந்தோர் 541 பேர். 2022-ஆம் ஆண்டில் 227 பேர். நம் மாநிலத்து மக்கட்டொகை அந்நாட்டினதைப் போல் ஏழெட்டு மடங்கு. நம் சாலை இறப்போ ஏறத்தாழ எண்பது மடங்கு. ஆகலின், பாலம் கட்டுவதில் உள்ள ஊக்கத்தை நடைபாதையிலும், சாலை கடக்குமிடத்திலும், தெருவிளக்கிலும் காட்டுமாறு அரசாங்கத்தை நாம் வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். கேட்பதற்குத் தகுதி உண்டாகுமாறு நம் பங்கையும் நாம் செய்தல் வேண்டும்.

நிற்க. இனி, என் குற்றம் ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளுகின்றேன். சில ஆண்டுகட்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருவான். வண்டியை உள்ளே கொணரலாகாது என்பதனால் எதிரேயுள்ள புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு வருவான். நாள்தோறும் கண்டேன், ஒன்றும் சொன்னேனல்லேன். ஒருநாள் மழையில் யான் நடந்து சென்றபொழுது, "ஐயா, ஏறிக்கொள்ளுங்கள்" என்றான். அவன் பின்னே அமர்ந்து பஸ் நிலையம் வரை சென்றேன். ஆசிரியனே ஏறிச் சென்றபின், அது தவறென்று பிறர் கூறின் அவன் செவியில் ஏறுமோ? அவ்வாண்டு மாம்பழக் காலத்தில், தோப்பிலிருந்து இரவில் திரும்பியவன், விளக்கின்றி நின்ற ட்ராக்டரின் பின்புறம் மோதி வீழ்ந்தான். தலையில் கவசம் இல்லை. அவ்வழி வந்தோர் சிலர் கண்டும், போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமென அஞ்சித் தொடாது நின்றனர். மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. மறுநாள் அவன் தந்தையார் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "எல்லாம் அவன் விதி, வாத்தியாரையா" என்று அழுதார். யான் ஆம் என்று தலையசைத்தேன். என் வாழ்நாளில் யான் சொன்ன பொய்களுள் அதனினும் பெரிது வேறில்லை.

வீழ்ந்தவனைத் தொட அஞ்சிய அந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை என்பதை அனைவரும் அறிதல் வேண்டும். விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகட்கு உச்சநீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் தேதி ஆணை வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவும் அதன்வழி வகுக்கப்பட்ட விதிகளும், நன்னோக்குடன் உதவியவர்மேல் வழக்கில்லை என்றும், அவர் தம் பெயரைக் கூறவும் வேண்டுவதில்லை என்றும் தெளிவாக உரைக்கின்றன.

மாணவர்க்கு யான் ஆண்டுதோறும் மநுநீதி கண்ட சோழன் வரலாற்றைச் சொல்லி வருகின்றேன். சிலப்பதிகாரத்துக் கண்ணகி பாண்டியன் முன் எடுத்துரைத்ததும், சேக்கிழார் பெருமான் திருவாரூரில் வைத்து விரித்ததும் அவ்வரலாறே. நினைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு சாலை விபத்தே. அரசகுமாரன் தேர் செலுத்தினான். ஆன்கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாய்ந்தது. கன்று தானே ஓடி இடையிற் புகுந்தது, இளவரசன் அறியான் என்று அமைச்சர் வாதாடினர். கழுவாய் தேடலாம் என்றனர். இன்று நாமும், "தானே வந்து விழுந்தான், நஷ்ட ஈடு கொடுத்துவிடுவோம்" என்றன்றோ கூறுகின்றோம்? சோழன் அதனை ஏற்கவில்லை. குடிகட்குத் தன்னாலும் தன்னைச் சார்ந்தோராலும் வரும் அச்சத்தை நீக்காதவன் காவலன் ஆகான் என்று துணிந்தான். மகன் ஓட்டிய தேருக்குத் தந்தை பொறுப்பு என்பதே அவ்வரலாற்றின் சாரம்.

அச்சாரமே இன்று சட்டமாகவும் நிற்கின்றது. மேற்கூறிய சட்டத்தின் 199-அ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், தான் அறியாது நிகழ்ந்ததென்று மெய்ப்பிக்காத தந்தைக்கு அல்லது வண்டியின் உடையவர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு நீக்கப்படும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. சோழன் தேர்க்காலில் மகனைக் கிடத்தினான். நம்மை அவ்வாறு செய்யச் சொல்வார் எவருமில்லை; சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுக என்றே சொல்கின்றனர்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றேன். உரிமம் பெறாத பிள்ளை கையில் நம் குலத்தார் எவரும் வண்டியைக் கொடுத்தல் கூடாது. திருமணச் சீர்வரிசையில் மோட்டார் சைக்கிள் வைப்போர் அதனுடன் இரண்டு தலைக்கவசங்களையும் தாம்பாளத்தில் வைத்தல் வேண்டும். குலதெய்வ வழிபாட்டிற்கும் காதுகுத்துக்கும் பெண்டு பிள்ளைகளைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் அடியோடு ஒழிதல் வேண்டும். ஏழைகட்குப் பஸ் வாடகையில் ஒரு பங்கினைச் சங்கம் ஏற்பது தகும். நான்காவது, பத்திரிகையாசிரியர் அவர்கட்கு. இனிமேல் இரங்கற் குறிப்புக்களில் 'விதிவசத்தால்' என்னும் சொல்லை அச்சிடாது விடுக. அச்சொல் நீங்கிய இடத்தில் காரணம் யாதென்று நாம் கேட்கத் தொடங்குவோம். கேட்கத் தொடங்கின் அப்பக்கமும் நாளடைவில் குறுகும்.